71 பொருள், 14 நிமிஷம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் பத்திரிகையின் மதுரைப் பதிப்பில் எங்கள் ஊர் நகர்மன்றக் கூட்டத்தைப் பற்றி நான்கு பத்தியில் செய்தி போட்டிருந்தீர்கள். பயணிகள் நிழற்குடைக் கல்வெட்டில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று சண்டை, மைக்கைப் பிடுங்கியது, மூன்று பேர் வெளிநடப்பு, வாசலில் நின்று கோஷம். படமும் இருந்தது. செய்தியில் ஒரு வார்த்தை தப்பு இல்லை. அன்றைக்கு நானும் கூட்ட அரங்கின் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் செய்தியின் அடியில், பின்னர் 71 தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன என்று ஒரே ஒரு வரி கிடந்தது பாருங்கள், அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நகராட்சி அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் எங்கே கிடைக்கும் என்று வழி சொல்வது, எல்லாம் உண்டு. கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரையும் ஊரையும் எடுத்துவிடுங்கள். பயம் ஒன்றும் இல்லை, பிழைப்பு. என் வாடிக்கையாளரில் பாதிப் பேர் அந்தக் கட்டடத்துக்குள் போகிறவர்கள், மீதிப் பேர் அதிலிருந்து வருகிறவர்கள்.

நகராட்சியிலேயே பெரிய மெஷின் ஒன்று இருக்கிறது. கூட்டத்துக்கு முந்தின நாள் மட்டும் அது எப்படியோ ஓடாது. சாயங்காலம் நாலரை மணிவாக்கில் அலுவலக உதவியாளர், லீகல் தாளில் அடித்த அஜெண்டாக் கட்டை, அதாவது கூட்டத்தில் முடிவெடுக்க வைக்கும் பொருள்களின் பட்டியலை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வருவார். "அண்ணே, நாற்பது செட்டு. ஆறு மணிக்குள்ள வேணும், கவுன்சிலர் வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கணும்" என்பார். கூட்டம் மறுநாள் பதினொரு மணிக்கு. அதாவது ஊரின் ஒரு மாதக் காரியத்தைப் படித்துப் புரிந்துகொள்ள உறுப்பினர்களுக்குக் கிடைப்பது ஒரு ராத்திரி. எனக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். ஆனாலும் நான் படித்துவிடுவேன். பத்தாவதோடு நின்றவன் நான். அதற்கப்புறம் படித்ததெல்லாம் கண்ணாடியில் கவிழ்த்துப் போட்ட படிப்புதான்.

அந்தத் தாளின் நடையே தனி. ஒவ்வொரு பொருளும் ஒரே மாதிரி முடியும்: "மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது." அதற்குக் கீழே "அலுவலகக் குறிப்பு: அனுமதிக்கலாம்." வேலை முன்னாலேயே நடந்து முடிந்திருந்தால், "அவசர அவசியம் கருதித் தலைவரின் முன்அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்ட செலவினத்திற்கு" என்று ஆரம்பிக்கும். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர் வாங்கியது, குப்பை வண்டிக்கு டயர் மாற்றியது, கொசு மருந்து அடிக்கிற மஸ்தூர்களுக்குச் சம்பளம், மின்மயானத்துக்குச் செலவு, தெருநாய்க்குக் கருத்தடை, பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடத்துக்கு ஏலம் கேட்க ஆள் வராததால் மறு ஏலம். இதில் எதையும் நிருபர் எழுத மாட்டார். ஆனால் ஊர் ஓடுவது இதில்தான்.

அன்றைய கூட்டத்தைச் சொல்கிறேன். தமிழ்த்தாய் வாழ்த்து பாடினார்கள், ஒரு திருக்குறள் வாசித்தார்கள். அப்புறம் கல்வெட்டுச் சண்டை. என் கைக்கடிகாரத்தில் 11.20-க்கு ஆரம்பித்தது, 12.05-க்கு மூன்று பேர் எழுந்து போனதில் முடிந்தது. அதன் பிறகு டீயும் மெதுவடையும் வந்தன. வடை கையில் இருக்கும்போதே எழுத்தர் பொருள்களை வாசிக்க ஆரம்பித்தார். முதல் நாலைந்து பொருளை முழுசாக வாசித்தார். யாரோ "நம்பரை மட்டும் சொல்லுங்க சார்" என்றார்கள். நம்பரை மட்டும் சொன்னார். முப்பதுக்கு மேல் நம்பரும் தனித்தனியாக வரவில்லை. "ஆல் பாஸ்" என்று ஒரு குரல், மேசையைத் தட்டும் சத்தம், அம்புட்டுதான். 71 பொருளுக்கு 14 நிமிஷம். ஒரு பொருளுக்கு 12 வினாடிகூடத் தேறவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் என் கடையில்தான் நோட்ஸ் எடுப்பார்கள். அப்படி ஒரு நோட்ஸில் மானூர்க் கல்வெட்டைப் பற்றி இருந்தது. உள்ளாட்சி என்றாலே எல்லோரும் உத்திரமேரூருக்கும் குடவோலைக்கும் போய்விடுவார்கள். இந்த மானூர் நம்ம பாண்டிய நாட்டு ஊர், திருநெல்வேலிப் பக்கம். உத்திரமேரூருக்கும் ஒரு நூறு வருஷம் முந்தி, பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்தில் அந்த ஊர்ச் சபை தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டிருக்கிறது. சபையில் வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்ததற்கெல்லாம் 'அன்று', அதாவது 'கூடாது', என்று சொல்லிக் காரியத்தைக் கெடுக்கிறவருக்கும், அவருக்கு ஒத்து ஊதுகிறவருக்கும் ஐந்து காசு தண்டம். எங்கள் மன்றத்தில் அந்தத் தண்டம் வசூலாக வழியே இல்லை. 71-ல் ஒன்றுக்குக்கூட யாரும் 'அன்று' சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டியது அஜெண்டாவிலேயே இல்லாத ஒரு பொருளுக்காக.

சரி, அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு சங்கதி சொல்கிறேன்.

முதலாவது என் தெரு மோட்டார். எங்கள் தெருவில் சின்டெக்ஸ் தொட்டி ஒன்று உண்டு. அதற்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. குடிநீர் குழாயில் வருகிறது, அது வேறு. பாத்திரம் கழுவ, துணி துவைக்க எல்லாம் அந்தத் தொட்டித் தண்ணீர்தான். வீட்டில் தினமும் காலையில் எனக்கு வசவு. நகராட்சிக்கு எதிரே கடை வைத்துக்கொண்டு ஒரு மோட்டாரை மாட்ட வைக்கத் துப்பில்லையா என்று. அந்த மாதம் அஜெண்டா வந்தது. கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், எங்கள் தெருப் பெயரைப் போட்டு, "முதல் தெரு நீர்மூழ்கி மோட்டார் ரீவைண்டிங் செய்து பொருத்தப்பட்டு, தற்போது நல்ல நிலையில் இயங்கி வருகிறது. இதற்கான செலவினத்தை மன்றம் அனுமதிக்கலாம்" என்று இருக்கிறது. எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. மோட்டார் மாட்டாமலே பில் போட்டுவிட்டார்களே என்று அந்தத் தாளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, கடையைப் பையனிடம் விட்டுவிட்டு எதிரே போனேன்.

பொறியியல் பிரிவில் இருந்தவர் பொறுமையாகக் கோப்பைப் பிரித்துக் காட்டினார். பழுது பார்த்தது மூன்றாம் தெரு மோட்டார். டைப் அடித்தவர் 'மூன்றாம் தெரு' என்பதை 'முதல் தெரு' என்று அடித்துவிட்டார். பணம் யாரும் தின்னவில்லை. ஆனால் இந்தத் தப்பினால் நடந்தது என்னவென்றால், எங்கள் தெரு மோட்டார் சரியாகிவிட்டது என்றே புகார்ப் பதிவேட்டில் ஒரு டிக் விழுந்துவிட்டது. அதனால் யாரும் வரவில்லை. அவர் பேனாவால் திருத்தினார், டிக்கை நீக்கினார், நாலாம் நாள் மோட்டார் வந்தது. டைப் அடித்தவர், சரிபார்த்தவர், கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரையும் தாண்டி அந்த வரி வந்திருக்கிறது. எங்கள் தெருவில் ஒரே ஒரு ஆள் அதைப் படித்தான், அதுவும் படிக்கிற வேலைக்கு வந்ததால் இல்லை, படி எடுக்கிற வேலைக்கு வந்ததால்.

எங்கள் வார்டு கவுன்சிலரை இதில் குறை சொல்ல மாட்டேன். அந்த அம்மா அஜெண்டாவை வாங்கிப் பென்சிலால் கோடு போட்டுப் படிக்கிறவர். ராத்திரி எட்டு மணிக்கு மேல் எனக்கு போன் வரும்: "அண்ணே, பதினேழாம் பக்கம் மங்கலா விழுந்திருக்கு, அந்தத் தொகை என்னன்னு பார்த்துச் சொல்லுங்க." சில வார்டுகளில் கட்டை வாங்கிக்கொள்வதே உறுப்பினரின் வீட்டுக்காரர்தான். அதைப் பற்றி நீங்களே பலமுறை எழுதியிருக்கிறீர்கள், நான் நீட்டவில்லை.

இரண்டாவது வாரச்சந்தை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்ச் சந்தைக்குச் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து தலைச்சுமையாகவும் டவுன் பஸ்ஸிலும் சரக்கு கொண்டுவந்து தரையில் விரித்து விற்பவர்கள் நிறைய. சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை நகராட்சி ஏலம் விடும். ஏலம் எடுத்தவரின் ஆட்கள் காலையிலேயே துண்டுச் சீட்டுக் கட்டோடு வந்துவிடுவார்கள். கீரை விற்கிற ஒரு ஆத்தா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், பேரனின் ஆதார் அட்டைக்காக என் கடைக்கு வந்தபோது சொன்னது: "ஒரு கூடைக்கு முப்பது ரூவா வாங்குறாங்கப்பு. போன வருசம் இருபது. கீரையே முந்நூறு ரூவாய்க்குத்தான் கொண்டாரேன்." எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் ஏப்ரலுக்கு முந்தின அஜெண்டாவில் சந்தைக் குத்தகைப் பொருளோடு கட்டண அட்டவணையும் இணைப்பாக வந்திருந்தது. லாரிச் சரக்கு, மினி வேன், தள்ளுவண்டி, கோழிக்கூடை என்று வரிசையாக இருந்ததில், தலைச்சுமைக் கூடைக்குப் போட்டிருந்தது பதினைந்து. பதினைந்துதான் என்று எனக்கு நன்றாக நினைவு. அந்தப் பக்கத்தை மெஷின் சுருட்டிவிட்டதால் இரண்டு முறை எடுத்தேன்.

ஆனால் நான் என்ன செய்ய? அலுவலகம் நம்பிக் கொடுத்த தாளை நான் பாட்டுக்கு இன்னொரு படி எடுத்துக் கொடுத்தால், அது மறைக்கிற காகிதம் இல்லை என்றாலும், தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. அதனால் சந்தைக்கே போய்ப் பார்த்தேன். கட்டணப் பலகை வைக்க வேண்டும் என்பது குத்தகை நிபந்தனையிலேயே உண்டு. பலகை இருந்தது. எடை மேடைக்குப் பின்னால், சுவரைப் பார்த்துச் சாத்தி வைத்திருந்தார்கள். அதன் மேல் யாரோ வெங்காயச் சாக்கைக் காயப் போட்டிருந்தார்கள்.

அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, என் பெயரிலேயே ரோட்டைத் தாண்டிப் போய்க் கொடுத்தேன். என்னைத் தெரியாதவர் அங்கே யார்? "என்னண்ணே, உங்க கையில இல்லாத தீர்மானமா?" என்று சிரித்தார் தபால் பிரிவில் இருக்கிற பெண். முப்பது நாள் கெடு. இருபத்தாறாம் நாள் பதில் வந்தது, தீர்மானத்தின் நகலும் அட்டவணையும், சீல் வைத்து, கையெழுத்தோடு. அட்டவணையை மட்டும் பெரிதாக்கி ஏ4 தாளில் எடுத்தேன். தலைச்சுமைக் கூடை என்ற வரிக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன். லேமினேஷன் பண்ணி, ஒரு ஓரத்தில் ஓட்டை போட்டு, சணல் கோத்துக் கொடுத்தேன். ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் தெரியும். அடுத்த சந்தையில் அதைக் கூடையின் காதில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வசூலுக்கு வந்த பையன் குனிந்து படித்தான், ஆத்தாவைப் பார்த்தான், பதினைந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஒரு சத்தம் இல்லை. அடுத்த வாரம் முருங்கைக்காய் விற்கிறவர், கருவேப்பிலைக்காரம்மா, மண்சட்டிக்காரர் என்று ஒன்பது பேர் என் கடை வாசலில். ஆளுக்கு ஒன்று லேமினேட் போட்டுக் கொடுத்தேன். அவர்களிடம் இருபது ரூபாய் வாங்கினேன், மறைக்கவில்லை. கரண்டு பில் இருக்கிறதே. ஆத்தாவிடம் மட்டும் வாங்கவில்லை. ஒரு கட்டு அரைக்கீரையை மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போயிற்று. வீட்டில் அன்றைக்கு எனக்கு வசவு இல்லை.

சந்தைக் குத்தகைத் தீர்மானம் நிறைவேறிய அன்றைக்கும் உங்கள் பத்திரிகையில் கூட்டச் செய்தி வந்தது. அன்றைக்கு என்ன செய்தி தெரியுமா? ஒரு உறுப்பினர் காலிக் குடத்தோடு கூட்டத்துக்கு வந்தார் என்று படம். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் மூன்று வரி இடம் ஒதுக்கி, தலைச்சுமைக் கூடைக்குப் பதினைந்து ரூபாய் என்று போட்டிருந்தால், எனக்கு இருபத்தாறு நாள் அலைச்சல் இல்லை, ஆத்தாவுக்கு வாரா வாரம் கூடைக்குப் பதினைந்து ரூபாய் மிச்சம்.

இடம் இல்லை, வாசகர் படிக்க மாட்டார், சுவாரசியம் இருக்காது என்று உங்கள் பக்கத்தில் சொல்லக்கூடும். ஐயா, உங்கள் பத்திரிகையில் 'நாளை மின்தடை' என்று ஒரு பகுதி வருகிறது. அதைவிட வறண்ட எழுத்து தமிழில் கிடையாது. வெறும் ஊர்ப் பெயர்கள், நேரம், முடிந்தது. ஆனால் என் கடையில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஸ்விட்ச் போர்டுக்கு மேலே ஒட்டி வைக்கிறேன். பக்கத்து மாவு மில்காரர் அதைப் பார்க்காமல் அரிசி ஊறப் போடுவதில்லை. தன் தெருப் பெயர் அச்சில் இருந்தால் படிக்காத ஆள் உண்டா?

வைகை அணை நீர்மட்டமும் அப்படித்தான். தினமும் போடுகிறீர்கள். நானும் தினமும் பார்க்கிறேன். எனக்கு ஒரு குழி நிலம் இல்லை. அணையில் தேக்கும் தண்ணீரின் முழு உயரம் 71 அடி. அன்றைக்கு எங்கள் மன்றத்தில் வைத்த பொருளும் 71. இந்தப் பொருத்தத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. அணையில் 66 அடி வந்ததுமே கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை என்று போட்டுவிடுகிறீர்கள். 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. திறந்துவிட்ட பிறகு சொல்லி என்ன பிரயோஜனம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நியாயம் எங்கள் அஜெண்டாவுக்கும் உண்டு. கூட்டம் முடிந்த பிறகு 71 நிறைவேறியது என்று சொல்வதைவிட, கூட்டத்துக்கு முந்தியே, இந்த மாதம் இன்ன தேதியில் கூட்டம், இன்னின்ன தெருவுக்கு இன்னின்ன வேலை பொருளில் இருக்கிறது என்று ஒரு பத்தி போடுங்கள். 71-ம் வேண்டாம். ஐந்தோ ஆறோ போதும். எது போட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன்: கட்டணம் மாறுவது, ஏலம் விடுவது, 'தற்போது நல்ல நிலையில் இயங்கி வருகிறது' என்று முடிவது. மூன்றாவது ரகத்தைக் கட்டாயம் போடுங்கள். நல்ல நிலையில் இயங்குகிறதா என்று அந்தத் தெருக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

இந்தத் தாள்களை வாங்குவது ரகசிய வேலை இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் 4-ஆம் பிரிவே, ஓர் அமைப்பின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்ற விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. இந்தப் பக்கத்தையும் நான் நூற்றுக்கணக்கில் எடுத்திருக்கிறேன். மனுப் போடுகிறவர்கள் எல்லோரும் கூடவே வைத்துக்கொள்வார்கள், சாமி படம் மாதிரி.

கூட்டத்துக்குப் பொதுமக்கள் போகலாமா என்றே பலருக்குச் சந்தேகம். நான் போகிறேன். முதல் தடவை மட்டும் வாசலில் "யாரு நீங்க" என்று கேட்டார்கள். "ஜெராக்ஸ்" என்றேன். ஏதோ தாள் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டார்கள். இப்போது கேட்பதில்லை.

ஒரு காலத்தில் போகவும் இடமில்லை, படிக்கவும் தாளில்லை. 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. அப்புறம் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி. மார்ச் 2-ஆம் தேதிதான் புது உறுப்பினர்கள் பதவி ஏற்றார்கள். நடுவில் ஐந்து வருஷத்துக்கும் மேலே தனி அலுவலர்தான் மன்றம். தீர்மானத்தை வைப்பதும் அவரே, நிறைவேற்றுவதும் அவரே. அதற்கு நாற்பது செட் எதற்கு? ஒரு செட்டும் எனக்கு வரவில்லை. கடையில் எனக்கு மாதம் ஒரு நாள் வருமானம் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்து வருஷத்தில் ஊரில் எதெதற்கு எவ்வளவு செலவானது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. 2022 மார்ச்சுக்குப் பிறகு முதல் அஜெண்டாக் கட்டு வந்த அன்றைக்கு, அலுவலக உதவியாளருக்கு என் காசில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

எதிரே நடக்கிற அன்றாட வேலைகளையும் உங்கள் பத்திரிகை கண்டுகொள்ளலாம். ஏப்ரலும் அக்டோபரும் அரையாண்டின் முதல் மாதம். அந்த மாதம் முடிவதற்குள் சொத்து வரியைக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, 5,000 ரூபாய் வரைக்கும். மே 2-ஆம் தேதி என் கடைக்கு வந்து "தள்ளுபடி உண்டுங்களா" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் வலிக்கும். குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பதிவு, கட்டணம் இல்லை. பெயர் வைக்காமல் பதிந்திருந்தால் ஒரு வருஷத்துக்குள் பெயரைச் சேர்க்கவும் கட்டணம் இல்லை. அதற்கப்புறம் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். இது தெரியாமல் ஜூன் மாதம் பெயரில்லாத சான்றிதழோடு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுகிறவர்களை நான் பார்க்கிறேன்.

அஜெண்டாவில் மாதா மாதம் வருகிற ஒரு பொருள் உண்டு. சென்ற மாதம் நகராட்சி எல்லைக்குள் பதிவான பிறப்பு இத்தனை, இறப்பு இத்தனை, ஆண் இத்தனை, பெண் இத்தனை, மன்றத்தின் பார்வைக்கும் பதிவுக்கும் என்று. அதை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. போன வருஷம் ஆடி மாதக் கூட்டத்துக்கு வந்த கட்டில் இறப்பு 31 என்று இருந்தது. அதில் ஒன்று என் அப்பா. நாற்பது படி எடுத்தேன். மறுநாள் கூட்டத்தில் அந்தப் பொருள் வரும்போது எழுந்து நிற்கலாமா என்றுகூட நினைத்தேன். எந்த நிமிஷம் அது நிறைவேறியது என்று எனக்குத் தெரியவில்லை, மொத்தமாக ஆல் பாஸ் ஆகிவிட்டது.

சில ஊர்களில் அஜெண்டாவைக் காகிதத்தில் கொடுக்காமல் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக அனுப்புகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். இங்கேயும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. வந்தால் எனக்கு மாதம் நாற்பது செட் போகும். போகட்டும். அனுப்புவதுதான் அனுப்புகிறார்கள், உறுப்பினர்களோடு நிறுத்தாமல் ஊருக்கே அனுப்பினால் நானே அதை போனில் பெரிதாக்கிப் படித்துக்கொள்வேன்.

உங்கள் நிருபர் தம்பியின் மேல் எனக்குக் குறை இல்லை. நல்ல பையன். அன்றைக்கும் கூட்டம் முடிவதற்கு முன்பே வெளிநடப்புச் செய்தவர்களின் பின்னாலேயே ஓடிப் படம் எடுத்துவிட்டு, என் கடை ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துதான் போனில் செய்தியைத் தட்டி அனுப்பினார். "எத்தனை தீர்மானம்ணே?" என்று என்னைத்தான் கேட்டார். "71" என்றேன். "அது போதும்" என்றார். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் நானே எடுத்துச் சொல்லியிருப்பேன்.

அடுத்த சாதாரணக் கூட்டம் இந்த மாதக் கடைசியில் என்று சொல்கிறார்கள். தேதி முடிவானதும் நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், குடிநீர்க் கட்டண அறிவிப்புக்கு அடியில் பார்க்க வேண்டும். முந்தின நாள் நாலரை மணிக்கு மேல் கட்டு வெளியே வரும். தம்பியை ஐந்து மணிக்கே அனுப்புங்கள். ஆணையரைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அதுதான் முறை. வாங்கிக்கொண்டு வந்தால் என் கடையில் நாற்காலி இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, அடிக்கோடு போட சிவப்பு பேனாவும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
மதுரை வட்டாரம்